கைகாட்டிக்குக் கூலி

(வில்கமுவவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



"கூகுளில் முதலாவதாக வருவது எப்படி என்று பேசுங்கள்" என்றுதான் என்னைக் கூப்பிட்டவர்கள் கேட்டார்கள். அந்த வித்தை எனக்குக் கைவந்திருந்தால், இன்று காலையில் மலைப்பாதையின் பதினெட்டு வளைவையும் பஸ்ஸில் நின்றபடி இறங்கி, ஹசலக்கவில் தலைசுற்றலோடு இன்னொரு பஸ் பிடித்து இங்கே வந்திருக்க மாட்டேன். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முதலாவதாக வந்தவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று சொல்கிறேன். அதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. அந்த வெட்கக்கேட்டையும் பிறகு சொல்வேன்.

முதலில் நம்முடைய மாவட்டத்திலேயே ஓரிடத்துக்குப் போவோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் மாத்தளையைத் தாண்டினால் வரிசையாக வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், வனிலா எல்லாம் அரை ஏக்கருக்குள் காட்டிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரரை ஏற்றிவருகிற வான் இத்தனை வாசல்களில் எந்த வாசலில் திரும்பும்? உங்களில் வான் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், சிரிக்கிறீர்கள். எங்கே கொமிஷன் கூடவோ அங்கே திரும்பும். பின்சீட்டில் இருக்கிற ஜெர்மன்காரர் "நல்ல தோட்டம் எது?" என்று கேட்கிறார். சாரதி ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார். ஜெர்மன்காரருக்கு அது உள்ளூர்க்காரன் சொன்ன சாட்சி. சாரதிக்கோ அது இந்த மாத லீசிங் கட்டுப்பணம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொமிஷன் வாங்காமல், "அந்த மனுசர் தரமான கறுவா வைத்திருக்கிறார்" என்று மனமறிந்து கூட்டிப்போகிற சாரதியும் இருக்கிறார். இரண்டு வான்களும் வீதியில் ஒரே மாதிரித்தான் சிக்னல் போட்டுத் திரும்பும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு எது நேர்மை, எது கூலி என்று தெரியாது. கூகுள் என்கிற கொம்பனி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வீதியோரம் நின்று அந்த வான்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையை நம்பியும் ஆகவேண்டும், நம்பவும் முடியாது. அதன் தலைவலி முழுவதும் இவ்வளவுதான்.

ஒரு இணையத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போடுகிற இணைப்பை, பேச்சு வழக்கில் நாம் லிங்க் என்கிறோமே, அதை நான் கைகாட்டி என்று சொல்லப் போகிறேன். சந்தியில் நிற்கிற கைகாட்டி மரம் போல. "வஸ்கமுவ தேசியப் பூங்கா இந்தப் பக்கம்" என்று அது காட்டுகிறது. வழியில் போகிறவனுக்கு உதவ நட்டது. 1998 வரைக்கும் தேடுபொறிகள் இந்தக் கைகாட்டிகளைப் பெரிதாக மதிக்கவில்லை. பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்றுதான் முக்கியமாகப் பார்த்தன. அதனால் ஆட்கள் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு தடவை எழுதிவைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், லாரி பேஜ், செர்ஜி பிரின். நீ உன்னைப் பற்றி என்ன சொல்கிறாய் என்பது எங்களுக்குத் தேவையில்லை, மற்றவர்கள் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். உன் பக்கம் நோக்கி எத்தனை கைகாட்டிகள் நிற்கின்றன? அவற்றை நட்டவர்கள் யார்? அந்த ஆட்களை நோக்கி எத்தனை கைகாட்டிகள்? இப்படிச் சங்கிலியாகக் கணக்குப்போட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் 2 கோடி 40 இலட்சம் பக்கங்களை வைத்துச் செய்துகாட்டினார்கள். இன்றைக்கு அது ஒரு சின்னத் தொகை.

புதுமை என்று உலகம் கொண்டாடியது. தமிழ் படித்தவனுக்கு இது புதுமையில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் இதற்குச் சட்டமே எழுதிவைத்திருக்கிறார். நூல் எழுதியவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் நூலுக்குத் தானே சிறப்புப்பாயிரம் எழுதுவது தகாது. பிறகு யார் எழுதலாம்? அவனுடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். நாலே பேர். நால்வருமே அவனையோ அவன் நூலையோ நெருங்கி அறிந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். வெறும் எண்ணிக்கையை அவர் கேட்கவில்லை, உறவைக் கேட்டார். தற்புகழ்ச்சிக்கும் சில இடங்களில் விலக்குக் கொடுத்திருக்கிறார், தன்னை அறியாதவர் முன்னிலையில் தன் ஆற்றலைச் சொல்லலாம் என்று. இன்றைக்கு எல்லாருமே தன்னை அறியாதவர் என்று நினைத்து ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள், அது வேறு கதை.

சட்டம் இருந்ததே தவிர, நாங்கள் அதன்படி நடந்தோமா? 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய பழைய நூல்களை நூலகத்தில் எடுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே போவதற்கு முன் சாற்றுகவிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வித்துவான் பாடியது, இந்தப் புலவர் பாடியது, இன்ன ஊர் ஜமீன் வித்துவான் பாடியது. சில நூல்களில் நூலைவிடச் சாற்றுகவிதான் சுவாரசியம். நீ என் புத்தகத்துக்குப் பாடு, நான் உன் புத்தகத்துக்குப் பாடுகிறேன் என்கிற கொடுக்கல்வாங்கலும் அதில் உண்டு. இணையத்தில் அதே வியாபாரத்துக்குப் பரஸ்பர லிங்க் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகாரர்கள் மேற்கோளாகக் காட்டினார்கள், தொகுத்தவர்கள் சில பாட்டுகளை எடுத்துவைத்தார்கள், அதனால் அந்தப் பெயர்களும் கொஞ்சப் பாட்டுகளும் நிலைத்தன. காசு வாங்காத கைகாட்டிக்கு ஏட்டுச்சுவடி அழிந்த பிறகும் உயிர் இருந்தது.

சரி, கூகுளுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். என் கணிப்பில் அந்தக் கொம்பனி செய்த பெரிய பிழைகளில் ஒன்று அது. ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்க் எவ்வளவு என்பதைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு சின்னப் பச்சைக் கோடாகப் பார்ப்பவர் கண்ணுக்கே காட்டினார்கள். வாசனைத் தோட்டத்து வாசலில், "இந்தச் சாரதியின் சொல்லுக்கு ஏழு மதிப்பெண்" என்று பலகை தொங்கவிட்ட மாதிரி. பலகை தொங்கினால் விலையும் தொங்குமல்லவா? ஏழுக்கு இவ்வளவு டொலர், எட்டுக்கு இவ்வளவு என்று சந்தை பிறந்தது. அந்தப் பச்சைக் கோட்டை 2016இல்தான் முழுதாக எடுத்தார்கள். அதற்குள் சந்தைக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சேர்ச்கிங் என்று ஒரு சிறிய கொம்பனி. 2002 ஓகஸ்டில், மதிப்பெண் கூடிய தளங்களில் இடம் வாங்கித் தருகிறோம் என்று வெளிப்படையாகவே வியாபாரம் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய மதிப்பெண் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியது. வழக்குப் போட்டார்கள். 2003 மே மாதம் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பேஜ்ரேங்க் என்பது கூகுளின் அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்ல அரசியலமைப்பில் சுதந்திரம் உண்டு. வழக்குத் தள்ளுபடி. கோடிக்கணக்கான ஆட்களுடைய கடைவாசலைத் திறக்கிற, மூடுகிற ஒரு கணக்கு, சட்டத்தின் கண்ணில் ஒருவர் தேநீர்க் கடையில் இருந்து சொல்கிற கருத்து மாதிரி ஆகிவிட்டது.

கூகுள் இப்படிக் கீழே இறக்குகிற தண்டனைக்கு நம் ஊர்ச் சொல் ஒன்று இருக்கிறது: ஊர்விலக்கு. உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள். வீட்டைப் பறிக்க மாட்டார்கள். உன் இணையத்தளம் அப்படியே இருக்கும், முகவரியைத் தட்டினால் திறக்கும். ஆனால் உன்னைப் பற்றிக் கேட்கிறவனுக்கு யாரும் உன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இதிலே இரண்டு வகை. ஒன்று, கணக்கு தானாகவே உன்னைக் கீழே தள்ளுவது. அதற்கு ஓலை வராது, ஒரு நாள் காலையில் ஆட்கள் வருவது நின்றுபோகும். மற்றது, கொம்பனியின் ஊழியர் ஒருவர் பார்த்துக் கைப்பட எடுக்கிற நடவடிக்கை. அதற்கு ஓலை வரும். ஓலை வந்தவன் பாக்கியசாலி, காரணமாவது தெரியும்.

கைப்பட எடுத்த நடவடிக்கைகளிலே உலகமறிந்தது ஜேசி பென்னி கதை. அமெரிக்காவின் பழைய பெரிய பல்பொருள் கடை, ஊருக்கு ஊர் கிளை. 2010 கடைசியில் நத்தார் வியாபார மாதங்களில் கூகுளில் என்ன தேடினாலும் அது முதலாவதாக வந்தது. சட்டை என்று தேடினால் அது. படுக்கை விரிப்பு என்றால் அது. தரைவிரிப்பு என்றாலும் அது. சாம்சனைட் பெட்டி என்று தேடினால், சாம்சனைட் கொம்பனியின் சொந்தத் தளத்தையும் தாண்டி அது. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் டேவிட் சீகல் இது எப்படி என்று துருவினார். இந்தத் துறை தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்தபோது 2,015 பக்கங்களிலிருந்து அந்தக் கடைக்குக் கைகாட்டிகள். எங்கிருந்து? அணுசக்திப் பொறியியல் பற்றிய தளத்திலிருந்து. சூதாட்டத் தளத்திலிருந்து. பல்கேரியாவில் காணி வாங்குவது பற்றிய தளத்திலிருந்து. அணு உலை பற்றிப் படித்துக்கொண்டிருப்பவனுக்கு நடுவிலே "கறுப்புக் கவுன்" என்று ஒரு சுட்டி. ஒருவரும் வாசிக்காத பக்கங்கள். அவை மனிதனுக்காக நட்டவை அல்ல, எண்ணுகிற இயந்திரத்துக்காக நட்டவை.

பத்திரிகைக்காரர் கூகுளுக்குக் காட்டினார். 2011 பெப்ரவரியில் ஒரு மாலை, ஏழு மணிக்குச் சாம்சனைட் பெட்டித் தேடலில் கடை முதலாம் இடம். இரண்டு மணித்தியாலத்தில் 71ஆம் இடம். கடைக்காரர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, வேலைக்கு வைத்திருந்த ஆலோசனைக் கொம்பனியை நிறுத்தினார்கள். ஏறக்குறைய 90 நாளில் தண்டனை நீங்கியது. சீகலின் கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது: அதே கடை அதே கூகுளுக்கு விளம்பரக் காசாக மாதம் 24 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் கட்டிக்கொண்டிருந்தது. விளம்பரப் பகுதிக்கும் தேடல் பகுதிக்கும் சம்பந்தமில்லை என்று கூகுள் சொன்னது. சொல்லட்டும். மாதா மாதம் 24 இலட்சம் டொலர் கட்டுகிற வாடிக்கையாளருக்குத் தண்டனை போட்டார்களே என்று மெச்சுவதா, பத்திரிகை எழுதும் வரைக்கும் ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்பதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அடுத்த வருஷம் 2012 ஏப்ரல் 24ஆம் தேதி பென்குயின் வந்தது. கூகுளின் புதுக் கணக்குக்கு வைத்த அழகான பறவையின் பெயர். ஆங்கிலத் தேடல்களில் நூற்றுக்கு 3.1 வீதம் பாதிக்கப்படும் என்று கொம்பனியே சொன்னது. காசுக்கு வாங்கிய கைகாட்டிகளை இயந்திரமே மணந்து பார்த்து, அப்படி வாங்கியவனைக் கீழே தள்ளியது. முன்பு இயந்திரம் இப்படிப்பட்ட கைகாட்டிகளுக்கு மதிப்பெண் கொடுக்காமல் விடும், அவ்வளவுதான். பென்குயினோடு மதிப்பெண் கழிக்கத் தொடங்கியது. அதோடு ஒரு புது வியாபாரமும் பிறந்தது. எதிராளியின் தளத்துக்கு நாமே கள்ளக் கைகாட்டி வாங்கிக் கொடுத்தால் அவன் விழுவானே என்று யோசித்தவர்கள் வந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரனை மாட்டிவிட, அவன் பெயரால் சாரதிக்குக் கொமிஷன் கொடுக்கிற மாதிரி. அந்தப் பயத்துக்கு மருந்தாக 2012 ஒக்டோபரில், "இந்தக் கைகாட்டிகள் என்னுடையவை அல்ல, கணக்கில் எடுக்காதீர்கள்" என்று எழுதிக்கொடுக்க ஒரு வசதி செய்தார்கள்.

அந்த வசதியை நான் இரவிரவாகப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது என் வெட்கக்கேடு.

என் மனைவியின் தம்பி இந்தப் பக்கத்தில் நாலு அறையில் ஒரு விடுதி தொடங்கினார். 2013. யுத்தம் முடிந்து உல்லாசப் பயணிகள் கூடிக்கொண்டிருந்த நேரம். பின்வளவில் யானை வேலி, அதற்கு அப்பால் காடு. கணினி தெரிந்த ஆள் என்று வீட்டில் என் பெயர், ஆகவே இணையத்தளம் என் பொறுப்பு. ஒரு நாள் மச்சான் போன் எடுத்தார். "அத்தான், ரெண்டாயிரம் லிங்க் தாறாங்களாம். நூற்றைம்பது டொலர்தான். மூண்டு மாசத்தில முதல் பக்கமாம்." மின்னஞ்சலை எனக்கு அனுப்பினார். "அன்பார்ந்த ஐயா அல்லது அம்மணி, தங்கள் இணையத்தளம் பின்தங்கியிருப்பதைக் கண்டு வருந்துகிறோம்" என்று தொடங்கியது. இந்த உலகத்தில் எனக்காக முன்பின் தெரியாத ஒருவர் வருந்தினால் நான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று இன்று தெரியும். அன்றைக்கு, "செய்து பாருங்கள்" என்று சொன்னவன் நான்தான். பழியை மச்சான் மேல் போட மாட்டேன்.

முதல் ஆறு கிழமை ஏறியது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் ஆட்கள் வாங்குகிறார்கள் என்று உங்களுக்கு விளங்காது. வஸ்கமுவ சஃபாரி என்று தேடினால் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். மச்சான் ஐந்தாவது அறைக்கு அத்திவாரம் வெட்டினார். பிறகு ஒரு விடியற்காலை, தளக்காரருக்கென்று கூகுள் வைத்திருந்த வெப்மாஸ்டர் டூல்ஸில் ஓலை. உங்கள் தளத்தை நோக்கி இயற்கைக்கு மாறான இணைப்புகள் இருக்கின்றன என்று. அதற்குப் பிறகு விடுதியின் முழுப் பெயரைத் தட்டினால்கூட நாங்கள் வரவில்லை.

வாங்கிய சாமான் என்ன என்று அப்போதுதான் நாங்கள் திறந்து பார்த்தோம். போலந்தில் குழாய் திருத்துகிற ஒருவரின் தளம். பிரேசிலில் பல் வைத்தியம். ரஷ்ய மொழியில் சதுரங்கம். எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடர், "பெஸ்ட் சஃபாரி ஹோட்டல் ஸ்ரீலங்கா", எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. நேர்மையாகக் கைகாட்டுகிறவன் ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரிக் காட்டுவான். "நாங்கள் தங்கின இடம்" என்பான், "மகாவலிப் பக்கத்து விடுதி" என்பான், பெயரைப் பிழையாக எழுதுவான். இரண்டாயிரம் பேர் ஒரே சொல்லில் சாட்சி சொன்னால் எந்த நீதவானும் கேட்பார், உங்களுக்கு யார் சொல்லித் தந்தது என்று.

முந்நூறுக்கு மேல் மின்னஞ்சல் எழுதினோம், "தயவுசெய்து எங்கள் இணைப்பை எடுத்துவிடுங்கள்" என்று. அநேகம் பேர் பதில் போடவில்லை. சிலர், எடுத்துவிடுகிறோம், ஒரு இணைப்புக்குப் பத்து டொலர் என்று எழுதினார்கள். நடக் கூலி, பிடுங்கவும் கூலி. விற்ற கொம்பனிக்கு எழுதினோம், மின்னஞ்சல் திரும்பி வந்தது. பிடுங்க முடியாதவற்றை ஒரு பட்டியலாக்கி, கைகழுவிக் கொடுத்து, மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். முதல் தடவை மறுப்பு. இரண்டாம் தடவையும் மறுப்பு, உதாரணத்துக்கு இரண்டு முகவரி கொடுத்து. மூன்றாவது விண்ணப்பத்தில், "நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், இதோ பற்றுச்சீட்டு" என்று உண்மையை அப்படியே எழுதினேன். அது ஏற்கப்பட்டது. மொத்தம் ஐந்து மாதம். ஐந்தாவது அறையின் அத்திவாரத்தில் மழைத் தண்ணீர் நின்று தவளை முட்டையிட்டது.

தண்டனை கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. பிழை செய்தோம். குறை எப்போது வந்ததென்றால், அதே காலத்தில் பெரிய ஆட்கள் எவ்வளவு நாள் வெளியே நின்றார்கள் என்று பார்த்தபோதுதான். இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோரா, பூக்கொத்து அனுப்புகிற கொம்பனி. வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்குப் பூ அனுப்பியும், உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரக் கட்டுரை போட்டும் கைகாட்டி சேர்த்தது. 2013 பெப்ரவரியில் விழுந்தது, சொந்தப் பெயருக்கே வரவில்லை. 11 நாளில் திரும்பிவிட்டது, அங்கே அன்னையர் தினத்துப் பூ வியாபாரத்துக்கு முன்பாக. பாட்டு வரிகளுக்குப் பொருள் சொல்கிற ரேப் ஜீனியஸ், 2013 நத்தார் அன்று விழுந்தது, 10 நாளில் எழுந்தது. அதற்கும் முன்னால் 2006இல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ, இயந்திரத்துக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு ஒரு பக்கமும் காட்டியதற்காக நீக்கப்பட்டுச் சில நாளில் உள்ளே வந்தது. 2012 ஜனவரியில் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்துக்கே 60 நாள் தண்டனை போட்டது, விளம்பரத்துக்கு அமர்த்தியவர்கள் காசு கொடுத்து எழுதவைத்தார்கள் என்று. அதை நான் மதிக்கிறேன். ஆனால் குரோம் அந்த 60 நாளும் பட்டினி கிடக்கவில்லை.

பெரியவனுக்குத் தண்டனையை நீக்குவதில் ஒரு நியாயமும் சொல்வார்கள்: பிஎம்டபிள்யூ என்று தேடுகிறவனுக்கு பிஎம்டபிள்யூ கிடைக்காவிட்டால், தேடுகிறவன் கூகுளைத்தான் திட்டுவான். உண்மை. நாலு அறை விடுதி காணாமல்போனால் யார் திட்டப் போகிறார்கள்? நம்மை முன்பு தெரியாதவனுக்கு நாம் இல்லாததும் தெரியாது. ஊர்விலக்கில் பண்ணையாருக்கும் கூலிக்காரனுக்கும் இருக்கிற வித்தியாசம் அது.

தப்பே செய்யாமல் விழுந்தவர்கள் கதை இன்னும் மோசம். இங்கிலாந்தில் ஒரு தம்பதி, ஆடம் ராஃப், ஷிவோன் ராஃப். 2006 ஜூனில் ஃபவுண்டெம் என்று விலை ஒப்பிடுகிற தளம் தொடங்கினார்கள். தொடங்கின சில நாளிலேயே கூகுளின் தானியங்கிக் கணக்கு கீழே தள்ளியது. இவர்கள் கைகாட்டி வாங்கவில்லை. மற்றக் கடைகளின் விலைகளைத் திரட்டித் தருகிற தளத்தைக் கணக்கு குப்பை என்று எடுத்துக்கொண்டது. எழுதினார்கள், கெஞ்சினார்கள். 2009 டிசெம்பரில்தான் அது நீங்கியது, மூன்றரை வருஷம். அதற்குள் கூகுளின் சொந்த விலை ஒப்பீட்டுப் பகுதி பக்கத்தின் உச்சியில் குடியேறிவிட்டது. தம்பதி ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனார்கள். 2017 ஜூனில் ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 செப்டெம்பர் 10ஆம் தேதி ஐரோப்பிய உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வென்றார்கள். அவர்களுடைய தளத்தை 2016லேயே மூடியாயிற்று.

தமிழர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து நடக்கிற மேட்ரிமோனி டொட் கொம், நம் வீட்டுக் கல்யாணங்களையும் பேசுகிற தளம்தான், நுகர்வோர் அமைப்பு ஒன்றும் அதுவும் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு முறையிட்டன. 2018 பெப்ரவரி 8ஆம் தேதி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி இந்திய ரூபா தண்டம் போட்டது, தேடல் முடிவுகளைக் காட்டுவதில் சில இடங்களில் பாரபட்சம் என்று. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் 2003இல் அபிப்பிராயம் என்று சொல்லப்பட்டதை, பதினைந்து வருஷம் கழித்து வியாபாரம் என்று பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் இப்படி யாரிடம் போவது என்று கேட்காதீர்கள், நான் சட்டத்தரணி இல்லை.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டெம்பரிலிருந்து பென்குயின் பொதுக் கணக்கோடு கலந்துவிட்டது. கள்ளக் கைகாட்டியை இப்போது அநேகமாகக் கழிப்பதில்லை, கணக்கிலே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதாவது உங்கள் காசு போகும், பெரும்பாலும் வேறொன்றும் நடக்காது. கைப்பட எடுக்கிற நடவடிக்கை இன்னும் இருக்கிறது. 2024 மார்ச்சில் மூன்று புதிய குற்றங்களைப் பெயர்சொல்லி எழுதினார்கள். இயந்திரத்தாலோ ஆளாலோ கட்டுக்கட்டாக எழுதிக் குவிப்பது, பெயருள்ள தளத்தில் இடம் வாடகைக்கு எடுத்துச் சம்பந்தமில்லாததைப் போடுவது, காலாவதியான முகவரியை வாங்கிப் பழைய பெயரில் புதுக்கடை போடுவது. மூன்றாவது எனக்கு வயிற்றெரிச்சல். பாடசாலையோ நலன்புரிச் சங்கமோ ஒரு தளம் தொடங்கும். செய்தவர் வெளிநாடு போவார். வருஷக் கட்டணம் கட்ட ஆளில்லை. முகவரி ஏலத்தில் போகும். பழைய மாணவர்கள் அன்போடு நட்ட கைகாட்டிகள் எல்லாம் அப்படியே நிற்க, அவை காட்டுகிற இடத்தில் சூதாட்டக்கடை. உங்கள் சங்கத்துக்குத் தளம் இருந்தால், கட்டணம் கட்டுகிற திகதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது.

பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார், விளங்குகிறது. அப்போது நாங்கள் என்ன செய்ய?

இங்கே உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கொழும்பில் இருந்து ஐம்பது விடுதிக்கு ஒரே பக்கத்தை எழுதுகிறவனுக்கு அது தெரியாது. ஹசலக்கவிலிருந்து ஹெட்டிபொலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மழைக்காலத்தில் எந்தப் பாதையில் ஜீப் போகாது? யானைகள் எந்த மாதத்தில் எந்தக் குளத்துக்கு இறங்குகின்றன? நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு எரிபொருள் எங்கே? பூங்காவின் பெயரை ஆங்கிலத்தில் நடுவில் ஏ போட்டும் எழுதுகிறார்கள், ஓ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். தமிழில் வஸ்கமுவ என்று தேடுகிற யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு இன்றைக்கு உருப்படியாக வாசிக்க என்ன இருக்கிறது? வரைபடத்தில் உங்கள் விடுதியைச் சரியான வளைவில் குறித்துவையுங்கள், ஜீப்காரரின் தளத்துக்கு நீங்கள் கைகாட்டுங்கள், அவர் உண்மையில் உங்கள் விருந்தாளிகளை ஏற்றிப்போகிறவர்தானே. நன்னூலார் சொன்ன நாலு பேரில் கூடப் படித்தவர் மாதிரி அவர்.

மச்சானின் விடுதிக்குத் திரும்புவோம். 2018இல் 23 இலட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2022இல் ஏழு இலட்சம் சொச்சம்தான் வந்தார்கள். அந்த வருஷங்களில் மச்சானுக்கு மறுபடியும் "வருந்துகிறோம்" மின்னஞ்சல்கள் வந்தன, கிழமைக்கு நாலைந்து. கையில் காசில்லாததால் தப்பினோம் என்றுதான் சொல்லவேண்டும்.

போன வருஷம் ஒரு கைகாட்டி தானாக முளைத்தது. எங்களிடம் தங்கின ஒரு பறவை பார்க்கிறவர், ஜெர்மன்காரர், ஊருக்குப் போய்த் தன் பயணக் குறிப்பில் எழுதியிருந்தார். மச்சான் என்னை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். பாதி முறைப்பாடு. மூன்றாம் அறை மின்விசிறி இரவு முழுக்கச் சத்தம், சுடுதண்ணீர் இளஞ்சூடு, காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ச் சம்பல் உறைப்பு. மீதிப் பாதி, வேலியோரம் விடியற்காலை ஐந்தேமுக்காலுக்குப் பார்த்த பறவைகளின் பட்டியல், முப்பத்தொரு பெயர். கீழே எங்கள் தளத்துக்கு இணைப்பு, விடுதியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

"அத்தான், அந்த மின்விசிறிக் கதையை எடுக்கச் சொல்லிக் கேப்பமா?" என்றார் மச்சான். வேண்டாம், எழுத்துப் பிழையையும் திருத்தச் சொல்லாதே என்றேன். பறவை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் இப்போது வருகிறார்கள், வந்ததும் மூன்றாம் அறை வேண்டாம் என்கிறார்கள். மச்சான் புது மின்விசிறி பூட்டிவிட்டார். சம்பல் அப்படியேதான் இருக்கிறது.